கடலோடிகளும் மூட்டுச் சிகிச்சையும்

(தூத்துக்குடி வட்டாரத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் கூடிய மீனவர், சங்கு குளிப்போர், உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் மேடையேறினால் சாலை, குடிநீர், தொகுப்பு வீடு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மனிதனுடைய தோள், இடுப்பு, முழங்கால் ஆகிய மூட்டுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆயினும், 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, கிணறு வெட்டுவதைப் போலவே மக்களின் உடல்நலம் பேணுவதும் வட்டார அலுவலகத்தின் கவலையாக இருந்துவருகிறது. மேலும், இக்கரையில் ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் ஒருவருடைய இரண்டு தோள்களிலும் இரண்டு கால்களிலுமே நிற்கிறது. வலை இழுப்பதும், சங்கு எடுப்பதும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பதும், உப்பு வாருவதும் மூட்டுகளின் வேலை. அவ்வேலை நின்றால் வீட்டில் அடுப்பு எரிவதும் நின்றுவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குரிய உதவித்தொகை கோரி எனக்கு வரும் மனுக்களைப் படிக்கும்போதெல்லாம், இவர்களுள் சிலரேனும் ஆறு மாதங்களுக்கு முன்னர் மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் இம்மனுவே எழுதப்பட்டிராதே என்ற எண்ணம் எனக்கு உண்டாகிறது.

முதலில் கடலடிக்குச் செல்வோரைப் பற்றிச் சொல்லுகிறேன். இக்கரைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் அவர்களே. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்னர்க் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. அங்கே இவ்வேலை தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு செய்விக்கப்பட்டது என்று அது கூறுகிறது. முத்தின் ஒளியைப் பாடியோர் பலர். அதை எடுத்தவனுடைய உடம்பு என்ன பாடுபட்டது என்று கேட்டவர் சிலரே. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் கடைசியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். அதற்குப் பின்னர்ப் பார்களில் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி விளையவில்லை. ஆனால் சங்கு குளித்தல் நிற்கவில்லை. திரேஸ்புரத்திலும் பிற கரையூர்களிலும் அத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ளன.

அக்காலத்துக் குளியாளர் கல்லின் பளுவால் கீழிறங்கி, அடக்கிய மூச்சு உள்ளவரை சிப்பி பொறுக்கிக்கொண்டு, கயிறு பிடிப்பவர் இழுக்க மேலே வந்துவிடுவார். ஒரு முழுக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். பிற்காலத்தில் அழுத்திய காற்றை உருளையிலோ குழாய் வழியாகவோ பெற்றுக்கொண்டு இறங்கும் முறை வந்தது. நீருக்கடியில் நெடுநேரம் தங்க முடிகிறது. சங்கும் மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் அதனுடன் ஒரு புதிய ஆபத்தும் வந்து சேர்ந்தது.

அதனை விளக்க ஒரு கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது புட்டியினுள் இருப்பது வெறும் நீர் போலத்தான் தோன்றும். கோலியை அழுத்தியவுடன் நுரைத்துப் பொங்குகிறது அன்றோ? உள்ளே அழுத்தத்தால் கரைந்திருந்த வாயு, அழுத்தம் திடீரெனக் குறைந்ததும் குமிழியாக வெளிப்படுகிறது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மீதுள்ள அழுத்தம் இரு மடங்காகிறது. இருபது மீட்டரில் மும்மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் கொழுப்பிலும் எலும்பின் மஜ்ஜையிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல மெல்ல மேலே வந்தால் அது மூச்சின் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தால் உடம்பே சோடாப் புட்டியாகிவிடுகிறது. குமிழிகள் மூட்டுகளைச் சுற்றித் தங்கினால் தோளிலும் முழங்காலிலும் தாங்கொணா வலி; தண்டுவடத்தைத் தாக்கினால் கால்கள் மரத்துப்போதல்; அதற்கும் மேற்பட்டால் உயிருக்கே இறுதி.

இவ்வலியை நம் ஊர்களில் 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லுகிறார்கள். வேடிக்கை என்னவெனில் அச்சொல் முற்றிலும் பொருத்தமானது. அது மெய்யாகவே வாயுதான்! ஆனால் பூண்டுக் கஷாயத்துக்குக் கட்டுப்படும் வாயு அன்று. மறுபடியும் நீரில் இறங்கினால் வலி தணிவதைக் கண்டு, அதையே மருந்தாகக் கொள்ளும் வழக்கமும் சிலரிடம் உள்ளது. வலி தணிவது உண்மை. அழுத்தத்தில் குமிழி சுருங்குவதே அதற்குக் காரணம். ஆனால் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு இறங்குவதால் புதிய நைட்ரஜன் உள்ளே புகுகிறது; திரும்பி வரும்போது முன்னினும் கொடிய நிலை ஏற்படலாம். செய்ய வேண்டியது இது: அவரைக் கரைக்குக் கொணர்ந்து மல்லாந்து படுக்க வைத்து, 108 ஊர்தியை அழைத்து, பிராணவாயு கொடுக்கச் சொல்லி, "இவர் இத்தனை ஆழத்தில் இத்தனை நேரம் இருந்து வந்தார்" என்பதை மருத்துவரிடம் வாய் திறந்து கூற வேண்டும். சங்கு குளிக்கப் போனதைச் சொன்னால் ஏதேனும் வழக்கு வருமோ என்று அஞ்சி மறைப்போர் உண்டு. மருத்துவரிடம் மறைக்கப்படும் செய்தியால் கெடுவது நோயாளியின் உடம்பே.

படிப்படியாக நின்று நின்று மேலே வரும் முறையை ஸ்காட்லாந்து அறிஞர் ஹால்டேன் 1908-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து அவர் கண்ட அட்டவணைதான் பின்வந்த அட்டவணைகள் பலவற்றுக்கும் மூலம்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். சில குமிழிகள் அப்போது வலியே கொடுப்பதில்லை. அவை எலும்பினுள் உள்ள நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. நம் தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது; இடுப்பெலும்பின் கிண்ணத்தில் அது சுழலுகிறது. தோளும் அவ்வாறே. இப்பந்துக்குக் குருதி செல்லும் வழிகள் மிகச் சில. அவை அடைபட்டால், வாய்க்கால் தூர்ந்த வயலைப் போல, எலும்பின் அப்பகுதி உயிரிழக்கிறது. இறந்த எலும்பு உடனே உடைந்துவிடுவதில்லை. மாதக்கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக்கணக்காக, அது உருவம் மாறாமல் நின்று, பின்பு ஒரு நாள் பாரம் தாங்காமல் அமிழ்ந்துபோகிறது. அன்றுதான் நோயாளி நொண்டத் தொடங்குகிறார்.

இது நம் கடலுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகத்தில் எல்பே ஆற்றின் அடியில் சுரங்கப்பாதை அமைத்தபோது அழுத்தக் காற்றில் வேலை செய்த தொழிலாளரின் எலும்புகளில் இக்கேடு காணப்பட்டதை 1911-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் வெளியிட்டனர். ஜப்பானில் சிப்பி எடுக்க மூழ்கும் மீனவர் 301 பேரைச் சோதித்து, 1974-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எலும்பில் இத்தகைய பழுது இருந்தது. பாதிப்பேர்! நம் குளியாளர்களின் தொழிலும் அம்மீனவர்களின் தொழிலும் உடன்பிறந்தவை என்பதை நீங்களே உணர்வீர்கள்.

நாற்பது வயதை எட்டாத சங்கு குளியாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் உதவித்தொகை கேட்டு என்னிடம் வந்தார். ஊன்றுகோல் இல்லாமல் அவரால் அறைக்குள் நுழைய இயலவில்லை. இரண்டு ஆண்டுகளாக இடுப்பில் வலி இருந்தது என்றார். தொடக்கத்தில் எங்கேயோ ஓர் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்று கேட்டு மனநிறைவுடன் திரும்பிவிட்டார். பிறகு எண்ணெய், ஒத்தடம், கடையில் வாங்கிய வலி மாத்திரை. மீண்டும் படம் எடுத்தபோது பந்தின் தலை தட்டையாகிவிட்டிருந்தது. இதில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. இந்நோயின் முதல் மாதங்களில் சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதை அப்போதே காட்டும். ஆகவே, அழுத்தக் காற்றில் மூழ்குபவருக்குத் தோளிலோ, இடுப்பிலோ, தொடையின் உட்புறத்திலோ வாரக்கணக்கில் நீடிக்கும் வலி இருந்தால், "நான் மூழ்கும் தொழில் செய்பவன்" என்று சொல்லி அச்சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

தக்க காலத்தில் சென்றால் என்ன கிடைக்கும்? பந்து அமிழ்வதற்கு முன்னர், தொடையின் பக்கவாட்டிலிருந்து எலும்பினுள் சிறு துளையிட்டு, இறந்த பகுதி வரை சென்று அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். அவ்வழியே புதிய குருதிக் குழாய்கள் புகுந்து எலும்பு மறுபடி உயிர்பெற வாய்ப்பு உண்டு. எல்லாருக்கும் இது பலிக்கிறது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் இறைவன் கொடுத்த மூட்டையே வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அந்த நிலையில்தான் உள்ளது. அமிழ்ந்த பிறகு மூட்டையே மாற்ற வேண்டியதாகிறது.

மூட்டு மாற்று என்றவுடன் சிலர் நடுங்குகிறார்கள்; சிலரோ புதிய மோட்டார் பாகம் பொருத்துவதுபோல் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் சரியன்று. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்த ரைட்டிங்டன் என்னுமிடத்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் உலோகப் பந்தும் நெகிழிக் கிண்ணமும் கொண்ட இடுப்பு மூட்டைப் பொருத்தி வெற்றி கண்டது 1962-ல். அதற்கு முன்னர் அவர் டெஃப்லான் என்ற பொருளால் செய்த கிண்ணங்கள் தேய்ந்து பழுதாயின. பொருள்கள் உடம்பில் என்ன விளைவிக்கின்றன என்றறிய அவற்றைத் தம் தொடையிலேயே புதைத்துப் பார்த்தவர் அவர். பிறர் உடம்பில் கத்தி வைப்பவனுக்கு இத்தகைய மனம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்று இம்மூட்டுகள் நெடுங்காலம் உழைக்கின்றன. 2019-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி நூறு இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 மூட்டுகள் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்தன. முழங்கால் மூட்டில் சுமார் 82. அறுபது வயதுப் பெரியவருக்கு இது வாழ்நாளுக்குப் போதுமானது. முப்பத்தெட்டு வயதில் பொருத்திக்கொள்ளும் குளியாளருக்கோ மறுபடியும் ஒரு முறை மேசையில் படுக்க நேரிடலாம். காலத்தில் செல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இவ்விடத்தில் எலும்பு கட்டும் வைத்தியர்களைப் பற்றி ஒரு சொல். படித்தவர்கள் அவர்களை இகழ்வதைக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தற்கால எலும்பு மருத்துவமே ஒரு கட்டு வைத்தியர் வீட்டில் பிறந்ததாகும். லிவர்ப்பூல் துறைமுகத்தில், கப்பல் தொழிலாளருக்கும் மாலுமிகளுக்கும் வைத்தியம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ் என்பவரின் தந்தையும் அவருக்கு முன்னோரும் பட்டம் பெறாத எலும்பு கட்டுபவர்கள். மகனை முறையாக மருத்துவம் படிக்க வைத்தார்கள். கைப்பழக்கமும் கல்வியும் ஒன்று சேர்ந்தன. அவர் செய்த காற்பிணைப்பு, முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் மாண்டுகொண்டிருந்த நிலையை இருபதுக்கும் கீழே இறக்கிற்று. அவருடைய மாணவரும் உறவினருமான ராபர்ட் ஜோன்ஸ், மான்செஸ்டர் கப்பற் கால்வாய் வெட்டப்பட்டபோது, 1888-ஆம் ஆண்டு முதல் அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்று, கால்வாய் நெடுக முதலுதவி நிலையங்களும் மூன்று மருத்துவமனைகளும் அமைத்து, அடிபட்டவரை ரயிலில் ஏற்றி உடனுக்குடன் கொண்டுவரச் செய்தார். விபத்துச் சிகிச்சைக்கென்று ஓர் ஒழுங்கு உலகில் முதன்முதலில் ஏற்பட்டது கப்பற் கால்வாய் வெட்டிய தொழிலாளரின் பொருட்டே என்பது துறைமுக நகரத்தாராகிய நாம் அறியத்தக்கது. நம் மாநிலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். நடராஜன் போன்றோர் இத்துறையைக் கட்டி வளர்த்தனர். தூத்துக்குடியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் இக்காலத்தில், முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

கட்டு வைத்தியத்தில் நான் அஞ்சுவது ஒன்றே. முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் தோய்த்த துணியை மூங்கில் பத்தையுடன் இறுகச் சுற்றுகிறார்கள். வீக்கம் ஏறும், துணி நெகிழாது. விரல்கள் வெளுத்து, குளிர்ந்து, மரத்து, விரலை நிமிர்த்தினால் உயிர் போகும் வலி எடுக்குமானால், பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். அக்கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆறு மணி நேரத்தில் தசை இறக்கத் தொடங்குகிறது. பிறகு கை கிடைத்தாலும் வளைந்து விறைத்த கையாகத்தான் கிடைக்கும்.

மூட்டு விலகலிலும் மணிக்கணக்குத்தான். பாய்மரம் அடித்தோ, விசை வண்டியிலிருந்து விழுந்தோ இடுப்பு மூட்டு விலகினால் ஆறு மணி நேரத்துக்குள் அதனை உள்ளே தள்ளிவிட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க, நான் முன்னர்க் கூறிய எலும்புச் சாவு அங்கும் நேரும். தோள் விலகினால் மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே பார்த்து, மெல்ல உட்செலுத்துவார்கள். மணலில் கிடத்தி அக்குளில் காலை வைத்து இழுக்கும் வீரச் செயல் நரம்பைக் கெடுக்கும். உடைந்த எலும்பை மேலும் உடைக்கும். மூன்று வாரம் விலகியே கிடந்த தோளைப் பெரும்பாலும் கத்தியின்றி உட்செலுத்த முடிவதில்லை. வலை இழுக்கும் இளைஞருக்கு ஒரு முறை விலகிய தோள் மறுபடி மறுபடி விலகுமானால், உள்ளே கிழிந்த ஜவ்வை எலும்புடன் சேர்த்துத் தைத்துக்கொள்வது நல்லது. நடுக்கடலில் தோள் விலகினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தாய்மார்கள் இதைக் கேளுங்கள். கைக்குழந்தை காய்ச்சலுடன் ஒரு காலை மட்டும் அசைக்காமல், துணி மாற்றும்போது வீரிட்டு அழுதால், அது உரம் விழுந்ததன்று. மூட்டினுள் சீழ் கோத்திருக்கலாம். சீழ் ஓரிரு நாள்களிலேயே குருத்தெலும்பைத் தின்றுவிடும். அன்றைக்கே மூட்டைத் திறந்து கழுவினால் குழந்தை ஓடியாடும். ஒரு வாரம் உரம் எடுத்துக்கொண்டிருந்தால் வாழ்நாள் முழுவதும் நொண்டும். மீன் முள் குத்தி விரல் மூட்டு வாரக்கணக்கில் வீங்கியிருப்பதையும் அற்பமாக எண்ணாதீர்கள்.

துறைமுகத்தில் சுமை தூக்குவோருக்கு முழங்கால் முறுகி உள்ளே ஜவ்வு கிழிவது உண்டு. முழங்காலில் இரு சிறு துளைகளிட்டு, குழாய்க் கண்ணாடியால் உள்ளே பார்த்துச் செய்யும் அறுவை இதற்கு வந்துவிட்டது. ஜப்பானியர் டக்காகி 1918-ல் தொடங்கிய முயற்சியை வத்தனாபே என்பவர் 1962-ல் கிழிந்த ஜவ்வை அவ்வழியே வெட்டியெடுக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்.

உப்பளப் பெண்மணிகளின் முழங்கால் வலி வேறு வகை. பல்லாண்டு தலைச்சுமையால் குருத்தெலும்பு தேய்கிறது. சாலையோர விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் இவர்கள் எல்லாருக்கும் உடனே மூட்டு மாற்ற வேண்டும் என்று தோன்றும். அப்படியன்று. நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்தும் எளிய பயிற்சியை நாள்தோறும் செய்து தொடைத் தசையை வலுப்படுத்துவதும், உடற்பருமனைக் குறைப்பதும், சுமையைத் தள்ளுவண்டிக்கு மாற்றுவதும் பலருக்கு அறுவையைப் பல ஆண்டு தள்ளிப்போடும். இரவு உறக்கமும் கெட்டு, வீட்டுக்குள் நடக்கவும் இயலாத நிலையில்தான் மாற்று மூட்டு பற்றி எண்ண வேண்டும். தள்ளுவண்டிக்கு மகளிர் குழுக் கடன் கேட்டு எத்தனை விண்ணப்பம் வந்தாலும் மகிழ்ச்சியோடு பரிந்துரைப்பேன்.

அறுவை முடிந்தவுடன் சிகிச்சை முடிந்ததாக எண்ணுவது நம்மவரின் பெரும் குறை. மருத்துவர் செய்வது பாதி. மறுபாதி நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டிய பயிற்சி. வலிக்கிறது என்று காலை மடக்காமல் வைத்திருந்தால் நல்ல மூட்டும் விறைத்துவிடும். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் உடற்பயிற்சி மருத்துவர் வீட்டுக்கே வருவதற்கு வழி உள்ளது. கிராம செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிய அச்சத்தையும் போக்கிவிடுகிறேன். 2009-ல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம், இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடைபெறுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றும் அதில் அடங்கும். சாலை விபத்தாயின், 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டு அட்டையை நோய் வந்த பிறகு தேடாதீர்கள். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பெற்றுக்கொள்ளலாம். வருமானச் சான்று இல்லாதவர்கள் இக்கூட்டம் முடிந்தவுடன் மேடையின் வலப்புறம் அமர்ந்திருக்கும் கிராம நிர்வாக அலுவலரிடம் பெயர் கொடுங்கள். மூழ்கும் தொழில் செய்வோர் தோள் வலியோ இடுப்பு வலியோ இருப்பின் அதனையும் இடப்புறம் உள்ள செவிலியரிடம் தனியே குறிக்கச் சொல்லுங்கள். அப்பட்டியலை நானே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவிருக்கிறேன்.